குத்தகைக்குள் அடங்குமா மின்னேற்றம்? ஃபாஸ்ட்னெட் தீர்ப்பின் மூன்றாம் விடையை முன்வைத்து

ஃபாஸ்ட்னெட் டாய்ச்லாந்து வழக்கில் (சி-452/23) ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 ஏப்ரல் 29 அன்று அளித்த தீர்ப்பு, பழைய குத்தகைதாரருக்குக் கிடைத்த வெற்றி என்றே பரவலாக வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்பு முதல் விடையோடு நின்றுவிடுகிறது. தீர்ப்பின் கனம் மூன்றாம் விடையில்தான் இருக்கிறது. அங்கே குத்தகைதாரருக்குத் திறந்திருப்பது மிகக் குறுகிய வாசல்.

வழக்கின் பின்னணியை வாதத்துக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். 1996க்கும் 1998க்கும் இடையில், அப்போது ஜெர்மன் அரசுக்கே சொந்தமாக இருந்த டாங்க் உண்ட் ராஸ்ட் நிறுவனத்துக்கு, ஆட்டோபான் ஓய்வுத்தலங்களில் பெட்ரோல் நிலையமும் உணவகமும் நடத்தும் சுமார் 280 குத்தகைகள் போட்டியின்றித் தரப்பட்டன. குத்தகைக் காலம் 40 ஆண்டுகள் வரை. 1998இல் நிறுவனம் தனியார் கைக்குப் போனது. குத்தகைகளும் கூடவே போயின. 2021ஆம் ஆண்டின் அதிவேக மின்னேற்றச் சட்டம், அந்த இடங்களில் மின்னேற்ற வசதியைச் சொந்தச் செலவில் அமைத்து நடத்தும் வாய்ப்பைக் குத்தகைதாரர்களுக்கே முதலில் அளிக்கப் பணித்தது. ஆட்டோபான் கூட்டாட்சி நிறுவனம் 2022இல் அதற்கெனக் குத்தகைதாரருடன் துணை ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தப்புள்ளி கோரப்படவில்லை. மின்னேற்ற நிலையங்கள் நடத்தும் ஃபாஸ்ட்னெட் முறையிட்டது, டூஸல்டோர்ஃப் மாநில உயர் நீதிமன்றம் கேள்விகளை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

முதல் விடை: சொந்த நிறுவனத்துக்குப் போட்டியின்றித் தந்த குத்தகையையும், அந்நிறுவனம் பின்னர் தனியார்மயமான நிலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/23 நெறியாணையின் 43ஆம் பிரிவின்படி புதிய போட்டியின்றித் திருத்தலாம். இரண்டாம் விடை: தொடக்க ஒப்பந்தம் முறையானதா என்பதை, வழக்குத் தொடுக்கும் காலக்கெடு கடந்தபின், நாட்டு நீதிமன்றங்கள் கிளறிப் பார்க்க அந்த நெறியாணை கட்டாயப்படுத்தவில்லை. இவ்விரண்டையும் கண்டு புதியவர்களின் கதவு அடைக்கப்பட்டதாக எழுதுவோர், திருத்தலாம் என்பது நிபந்தனைக்கு உட்பட்ட அனுமதி என்பதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

நிபந்தனைகள் மூன்று. விழிப்புள்ள அரசு அமைப்பாலும் முன்கூட்டி அறிய முடியாத சூழலால் திருத்தம் தேவைப்பட்டிருக்க வேண்டும். குத்தகையின் ஒட்டுமொத்தத் தன்மை மாறக்கூடாது. மதிப்பு உயர்வு தொடக்க மதிப்பில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கடைசியைக் கணக்காயர்களிடம் விட்டுவிடலாம். முதலாவதில் ‘முன்கூட்டி அறிய முடியாத’ என்பதைப் பற்றிக்கொண்டு நடக்கும் சண்டையிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 1992 முதல் 1996 வரை ரூகன் தீவில் மின் வாகனங்களை ஓட்டிப் பார்க்க ஜெர்மன் ஆராய்ச்சி அமைச்சகமே பணம் கொடுத்தது உண்மை. சோதனை முடிந்த ஆண்டிலேயே குத்தகைகள் தொடங்கியது சுவையான ஒற்றுமையும்கூட. ஆனால் அந்தச் சோதனையிலிருந்து, நெடுஞ்சாலையோரம் 300 கிலோவாட் மின்னேற்றிகள் வரிசையாக நிற்கும் என்று 1996இல் யாரும் ஊகித்திருக்க வேண்டும் எனக் கோருவது நியாயமாகாது.

எனவே கேள்வி தேவையில் வந்து நிற்கிறது. எதிர்பாராத சூழலில், தொடக்கக் குத்தகை ஒழுங்காக நிறைவேறிக்கொண்டிருக்க அதை மாற்றியமைத்தே ஆக வேண்டும் என்றால்தான் திருத்தம் தேவைப்பட்டதாகும் என்பது நீதிமன்றத்தின் மூன்றாம் விடை. திருத்தம் பயனுள்ளதா, பொதுநலத்துக்கு உகந்ததா என்பது இங்கே அளவுகோல் அல்ல. மின்னேற்றி இல்லாவிட்டால் பெட்ரோல் ஊற்றுவதும் உணவு பரிமாறுவதும் கழிப்பறை நடத்துவதும் முடங்கிப்போகுமா? முடங்காது என்றே தோன்றுகிறது.

இதற்கு எதிரான வாசிப்பு வலுவானது. அதை ஒதுக்கிவிட முடியாது. குத்தகையின் பொருள் பெட்ரோலும் சாப்பாடும் அல்ல, பயணியின் வழித்தேவை. அன்று பெட்ரோலாக இருந்த தேவை இன்று மின்சாரமாகியிருக்கிறது. ஆகவே மின்னேற்றம் பழைய கடமையின் தொடர்ச்சி என்பது அந்த வாதம். பெட்ரோல், டீசல் விற்பனை தேயத் தேய, மின்னேற்றம் இல்லாத ஓய்வுத்தலத்தின் வாடிக்கையே குறைந்து குத்தகை நொடிக்கும் என்று அதையே இன்னொரு படி நீட்டவும் செய்யலாம்.

நீட்டும் இடத்தில்தான் வாதம் இளகுகிறது. வருமானம் குறைவது வேறு, கடமையை ஆற்ற முடியாமற் போவது வேறு. வணிக இடர் குத்தகைதாரரின் தலையில் இருப்பதால்தான் நெறியாணையே இதைக் குத்தகை என்கிறது. அந்த இடரை ஈடுகட்ட அரசு புதுத் தொழிலைச் சேர்த்துக் கொடுத்தால், எஞ்சுவது பெயரளவுக் குத்தகைதான். ‘வழித்தேவை’ என்று பொருளை விரித்துவிட்டால் நாளை ஹைட்ரஜனும் அதற்குள் அடங்கும். அடங்காத ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாசிப்பை அரசின் நடவடிக்கையே மறுக்கிறது. பெட்ரோல் நிலையமோ உணவகமோ இல்லாத ஆட்டோபான் ஓய்விடங்கள் சுமார் 200இல் மின்னேற்றம் அமைக்க, டாய்ச்லாந்துநெட்ஸ் திட்டத்தின்கீழ் அதே அரசு ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஆக, மின்னேற்றத்தைத் தனித்தொழிலாகப் பிரித்து ஏலம்விட முடியும், விட்டும் காட்டியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் இது இன்னும் பழைய செய்தி. அங்கே 2011 இறுதியில் மின்னேற்றம் தனி அடிப்படை வசதியாக ஏற்கப்பட்டது. ஒரே இடத்துக்குப் பலர் விண்ணப்பித்தால் சீட்டுக் குலுக்கினார்கள். 245 ஓய்வுத்தலங்களில் 201 ஃபாஸ்ட்னெட்டுக்கு வந்தன. மஞ்சள் கூரை போட்ட அதன் நிலையங்கள் வேறொருவரின் பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. ஒரே வளாகத்தில் இருவர் தொழில் செய்தால் இடமும் பாதுகாப்பும் குழம்பும் என்ற ஆட்சேபத்துக்கு அந்த வளாகங்களே பதில்.

ஜெர்மன் அரசு ஏலத்துக்குப் பிரித்துவிட்ட பங்கு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். டாய்ச்லாந்துநெட்ஸ் திட்டத்தின் ஓய்விடங்களில் இருப்பவை பெரும்பாலும் கழிப்பறை, பெஞ்சுகள், லாரி நிறுத்துமிடம் ஆகியவையே. குத்தகைத் தலத்தில் மின்னேற்றியில் காரை மாட்டிவிட்டு இறங்குபவர் இருபது, முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். நேரே போகுமிடம் சானிஃபேர் கழிப்பறை. ஒரு யூரோ போட்டால் கதவு திறக்கும், கூடவே ஒரு கூப்பன் சீட்டு நீளும். அந்தச் சீட்டு அதே கூரையின்கீழ் உள்ள கடையில் செல்லும். பெட்ரோல் போடுபவர் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார். மின்னேற்றுபவர் காபி வாங்குகிறார். மின்னேற்றம் குத்தகையைக் கொழுக்கவைக்கிறது என்பதில் ஐயமில்லை. கொழுக்கவைப்பது தேவையாகிவிடாது.

ஒட்டுமொத்தத் தன்மை பற்றிய நிபந்தனையில் நான் சற்றுத் தயங்குகிறேன். பழைய சேவையை வேறொன்றால் மாற்றீடு செய்தால்தான் தன்மை மாறும் என்று கொண்டால், பெட்ரோல் தொடரும்வரை மீறல் இல்லை எனலாம். எனினும் துணை ஒப்பந்தம் தருவது பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில் இன்னொரு பம்பு வைக்கும் உரிமை அல்ல. உயர்திறன் மின்னேற்றிகளுக்கு நடுத்தர மின்னழுத்த இணைப்பும் மின்மாற்றியும் வேண்டும். கேபிள் புதைக்க வேண்டும். இணைப்புக்குக் காத்திருக்கவும் வேண்டும். முதலில் இணைப்பைப் பெற்றவரே அந்தத் தலத்தில் நெடுங்காலம் நிலைப்பார். போட்டி காகிதத்தில் பிறகு வந்தாலும் மின்மாற்றி வேறொருவருடையதாக இருக்கும்.

மூன்றாம் விடையை உண்மைகளோடு பொருத்துவது, கேள்வி அனுப்பிய மன்றத்தின் வேலை. அங்கே குத்தகைதாரர் காட்ட வேண்டியது மின் வாகனங்கள் பெருகிவிட்டன என்பதை அல்ல. தம் பழைய கடமைகளில் எது, எந்தத் தலத்தில், மின்னேற்றி இல்லாததால் நின்றுபோகும் என்பதை. காட்ட முடிந்தாலும் ஒன்று மிஞ்சும். 1996இல் தொடங்கிய நாற்பதாண்டுக் குத்தகைகள் 2036 முதல் முடியத் தொடங்கும். அன்றைக்கு அந்த மின்மாற்றியும் மண்ணுக்கடியில் கிடக்கும் கேபிளும் யாருக்கு, என்ன விலைக்குப் போகும் என்பதைத் துணை ஒப்பந்தத்தை ஆதரிப்போர் இப்போதே விளக்கியாக வேண்டும்.