ஆறுமுகத்தின் ஒன்றாம் எண் சட்டை



தங்காக் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குத் துணிக்கடைகள்தாம் நினைவுக்கு வரும். பெருநாள் நெருங்கினால் மூவாரிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து துணி எடுத்துச் செல்வார்கள். எங்கள் பள்ளிக் காற்பந்துக் குழுவின் சட்டைகளும் இவ்வூர்க் கடை ஒன்றில் எடுத்தவையே. மொத்தம் பதினான்கு சட்டைகள். நல்ல உள்ளம் கொண்ட பெற்றோர் சிலர் பணம் திரட்டி வாங்கித் தந்தார்கள். அவற்றுள் ஒன்றாம் எண் சட்டை கோல் காவலருக்கு உரியது. மற்றவற்றைவிடச் சற்று நீண்ட கையும் வேறு நிறமும் உடையது.

ஆறாம் ஆண்டை முடித்துக்கொண்டு இடைநிலைப் பள்ளிக்குச் செல்லவிருந்த எங்கள் கோல் காவலரின் நண்பர்கள் ஒருநாள் என்னிடம் வந்தார்கள். மாவட்டப் போட்டியில் அவன் தடுத்த ஒரு பினால்டி உதையை இன்னமும் பேசிப் பேசி மகிழ்கிறவர்கள் அவர்கள். “ஐயா, அவன் போட்ட சட்டையை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம். கண்ணாடிச் சட்டம் போட்டு, அலுவலகத்தில் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் மாட்டுவோம். தோனியின் ஏழாம் எண்ணை அப்படித்தானே எடுத்து வைத்துவிட்டார்கள்?” என்று கேட்டார்கள். நான் உடனே விடை சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் என் சிந்தை முழுவதையும் பிடித்துக்கொண்டவர் வேறொரு ஒன்றாம் எண்காரர். நம் நாட்டுக் காற்பந்து உலகம் ‘ஸ்பைடர்மேன்’ என்று கொண்டாடிய ஆர். ஆறுமுகம். இச்சிறுவர்கள் கேட்ட கேள்வியை அவருக்காக நாம் கேட்டால் என்ன விடை வரும்?

முதலில் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். விளையாட்டு வீரர் ஒருவரின் சட்டை எண்ணை வேறெவருக்கும் வழங்காமல் ஓய்வு கொடுப்பது வட அமெரிக்காவில் தோன்றிய மரபு. 1933 டிசம்பரில் பாஸ்டன் நகரில் நடந்த பனிவளைதடி ஆட்டத்தில், டொரோன்டோ மேப்பிள் லீப்ஸ் அணியின் ஏஸ் பெய்லி தலையில் பலத்த அடிபட்டுச் சாவின் விளிம்புக்குச் சென்று மீண்டார். அதன்பின் அவரால் விளையாட இயலவில்லை. 1934 பிப்ரவரியில் அவருக்காக நிதி திரட்டும் ஆட்டம் ஒன்று நடந்தபோது, அவருடைய 6ஆம் எண்ணை இனி எவரும் அணியமாட்டார் என்று அவ்வணி அறிவித்தது. அடுத்துப் புகழ்பெற்றது பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் 4ஆம் எண். தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் கொடிய நோயால் 1939இல் அவர் ஆட்டத்தைக் கைவிட்டார். நம் மொக்தார் டஹாரியை 1991இல் கொண்டுபோனதும் அவ்வகை நோய்தான் என்பதை இவ்விடத்தில் எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆகவே இம்மரபின் வேரில் இருப்பது வெற்றிக் களிப்பைவிட இழப்பின் துயரமே.

பின்னாளில் அது கல்லூரிக் கூடைப்பந்துக்கும் பரவியது. அங்கே ஒரு சுவையான இடர்ப்பாடு எழுந்தது. தவறிழைத்த ஆட்டக்காரரின் எண்ணை நடுவர் தம் கைவிரல்களால் காட்டிப் பதிவு மேசைக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காக ஐந்துக்கு மேற்பட்ட இலக்கம் எதுவும் சட்டையில் வரக்கூடாது என்று அமெரிக்கக் கல்லூரி விதி பன்னெடுங்காலம் இருந்தது. 2023ஆம் ஆண்டில்தான் அது தளர்த்தப்பட்டது. இரட்டைச் சுழியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பயன்படுத்தத்தக்கவை 37 எண்கள் மட்டுமே. ஒவ்வொன்றாக ஓய்வு கொடுத்துக்கொண்டே போனால் புதிய பிள்ளைகளுக்கு அணிவிக்க எண் எங்கே இருக்கும்? வட கரோலைனா பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. நாட்டின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருதுகளில் ஒன்றைப் பெற்றவருக்கு மட்டுமே எண் ஓய்வு. சிறப்பாக ஆடிய மற்றவர்களின் சட்டை அரங்கின் கூரையில் தொங்கும், ஆனால் எண் புழக்கத்தில் இருக்கும். மைக்கேல் ஜோர்டனின் 23 முதல் வகையைச் சேர்ந்தது. இவர் தகுதியுடையவரா என்ற சண்டை அங்கே அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை போட ஓர் எழுதப்பட்ட அளவுகோலாவது அவர்களிடம் இருக்கிறது.

இனி ஆறுமுகத்திடம் வருவோம்.

1953இல் பிறந்த அவர், சிலாங்கூர் மாநில அணிக்கும் தேசிய அணிக்கும் எழுபதுகளில் கோல் காவலராக நின்றவர். நீண்ட கைகள், கம்பத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தாவி எட்டும் பாய்ச்சல். சிலந்தி மனிதன் என்ற பட்டம் சும்மா வந்ததன்று. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது; 1977இலும் 1979இலும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. அந்தக் காலத்தின் காவலர் அவர். அவருக்கு முன்னால் தற்காப்பில் சோ சின் ஆன், சாந்தோக் சிங். தாக்குதலில் மொக்தார் டஹாரி. ஒரு தமிழர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு மலாய்க்காரர் என்று இன்று மேடைகளில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அன்று அவர்கள் அதை எடுத்துக்காட்டு என்று நினைத்து ஆடியிருக்க மாட்டார்கள்.

1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் நடந்ததைப் பெரியவர்கள் இன்றும் கண்கள் மின்னச் சொல்வார்கள். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்றின் இறுதியாட்டம். எதிரணி தென் கொரியா. ஆட்டம் முடியும் தறுவாயில் ஹசான் சானி தந்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் செலுத்த, 2-1 என்று மலேசியா வென்றது. 1972 மியூனிக்கிற்குப் பிறகு இரண்டாம் முறையாக ஒலிம்பிக் கதவு திறந்தது. ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. நமக்குப் பதிலாக ஈராக் சென்றது. வென்றெடுத்த வாய்ப்பை நாட்டுக்காகத் துறந்த அந்த அணியில், ஒலிம்பிக் களத்தைக் காணாமலேயே ஆறுமுகம் ஓய்வு பெற்றார். 1988 டிசம்பர் 15ஆம் நாள் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது வயது 35. ஒரு பயிற்றுநராக அவர் உருவாக்கியிருக்கக்கூடிய காவலர்களை எண்ணிப் பாருங்கள்.

2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படம் அந்த 1980 அணியைத் தழுவியது. அதில் முத்து என்ற கோல் காவலர் பாத்திரத்தைப் பார்த்த பிறகுதான் என் மாணவர்கள் பலருக்கு ஆறுமுகம் என்ற பெயரே அறிமுகமாயிற்று. இது வருத்தமா மகிழ்ச்சியா என்று எனக்கே தெளிவில்லை.

அவர் தகுதியுடையவரா? ஐயமில்லை என்பது என் துணிபு. இருந்தும் ஒன்றாம் எண்ணுக்கு ஓய்வு கொடுப்பது அவருக்கு ஏற்ற சிறப்பா என்று கேட்டால், நான் தயங்குகிறேன். காரணங்கள் உண்டு.

ஆறுமுகத்தின் காலத்தில் சட்டை எண் ஆளுக்கு உரியதாக இருக்கவில்லை. களத்தில் அவர் நிற்கும் இடத்துக்கு உரியதாக இருந்தது. இங்கிலாந்தில் 1933ஆம் ஆண்டுக் கிண்ண இறுதியாட்டத்தில் எவர்டன் அணிக்கு 1 முதல் 11 வரையும், மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22 வரையும் கொடுத்தார்கள். சிட்டியின் கோல் காவலர் முதுகில் 22 இருந்ததாம்! பிறகு இரு அணிகளும் 1 முதல் 11 வரை அணியும் முறை நிலைபெற்றது. ஒன்று என்றால் காவலர்; ஒன்பது என்றால் நடுவில் நின்று தாக்குபவர். ஓர் ஆட்டக்காரர் ஒரே எண்ணை ஆண்டு முழுதும் அணிவது இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியில் 1993இல்தான் வந்தது. தோனியின் ஏழைப் போல, ஆறுமுகம் தாமே தேர்ந்து தம் அடையாளமாக வளர்த்துக்கொண்ட எண் அன்று ஒன்று.

அடுத்தது விதி. உலகக் கிண்ணப் போட்டியில் எண்கள் இடைவெளியின்றி வரிசையாக இருக்க வேண்டும். ஒன்றாம் எண் கோல் காவலருக்கே என்று ஃபிஃபா வரையறுத்துள்ளது. மரடோனாவைப் போற்றும் வகையில் 2002 உலகக் கிண்ணத்தில் பத்தாம் எண்ணை விட்டுவிட அர்ஜென்டினா முயன்றது. ஃபிஃபா ஒப்பவில்லை, ஓர்ட்டேகா அதை அணிந்து ஆடினார். மரடோனாவுக்கே இயலாதது வேறு யாருக்கு இயலும்? மன்றங்கள் செய்யலாம், நேப்போலி 2000இல் அவருடைய பத்துக்கு ஓய்வு தந்தது. தேசிய அணிக்கு அந்த உரிமை குறுகியது.

வளைதடிப் பந்தாட்டத்தில் இத்தடை இல்லை. அதனால்தான் 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலம் வென்ற சில நாள்களில், கோல் காவலர் ஸ்ரீஜேஷின் 16ஆம் எண்ணுக்கு இந்திய வளைதடிப் பந்தாட்டக் கழகம் ஓய்வு கொடுக்க முடிந்தது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: மூத்தோர் அணியில் மட்டுமே அந்த ஓய்வு. இளையோர் அணியில் 16 தொடரும். அந்த எண்ணை அணியும் பையன் வளர வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். கோல் காவலருக்கும் இத்தகைய சிறப்பு கிட்டுகிறதே என்று அச்செய்தியைப் படித்தபோது மனம் குளிர்ந்தது.

ஏனெனில் காவலரின் உழைப்பு கணக்கில் ஏறுவதே அரிது. மொக்தார் டஹாரி நாட்டுக்காக அடித்த கோல்கள் 89 என்று இன்று உலகப் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது. பகாங் மாநிலம் கம்பாங்கில் உள்ள தேசியக் காற்பந்துக் கழகப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. முற்றிலும் தகும். ஆனால் ஆறுமுகம் தடுத்த பந்துகளை யார் எண்ணி வைத்தார்கள்? அவர் நாட்டுக்காக 196 முறை ஆடினார் என்று பரவலாக எழுதப்படுகிறது. முழுமையான அனைத்துலக ஆட்டங்களை மட்டும் எண்ணினால் அத்தொகை குறையும். அக்காலத்தில் தேசிய அணி வெளிநாட்டு மன்றங்களோடும் தெரிவுக் குழுக்களோடும் அடிக்கடி மோதியது. அவையும் இத்தகைய கணக்குகளில் கலந்துவிடுகின்றன. எந்த ஆட்டம் எதில் சேரும் என்று ஆண்டு, நாள், எதிரணி வாரியாகப் பிரித்து எழுதிவைப்பது ஒரு சட்டையைக் கண்ணாடிக்குள் வைப்பதைக் காட்டிலும் பெரிய மரியாதை என்பேன். நாட்டின் சிறந்த கோல் காவலருக்கு ஆண்டுதோறும் தரும் விருதுக்கு அவர் பெயரைச் சூட்டலாம். ஒன்றாம் எண் மட்டும் புழக்கத்தில் இருக்கட்டும்.

முன்னர்க் குறிப்பிட்ட ஏஸ் பெய்லியின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. 34 ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்த அந்த 6ஆம் எண்ணை 1968இல் அவரே கீழே இறக்கச் சொன்னார். ரான் எல்லிஸ் என்னும் இளைஞரின் ஆட்டத்தைக் கண்டு வியந்து, என் எண்ணை இவர் அணியட்டும் என்று கேட்டுக்கொண்டார். எல்லிஸும் அணிந்தார்.

இக்கதையைத்தான் ஒரு வாரம் கழித்து எங்கள் பையன்களுக்குச் சொன்னேன். அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “அப்படியென்றால் அவனுக்கு ஒன்றுமே இல்லையா, ஐயா?” என்று ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நியாயமான கேள்விதான். பதினான்கு சட்டைகளில் ஒன்றைச் சுவரில் மாட்டினால் அடுத்த ஆண்டுக் காவலன் எதை அணிவான் என்று நான் திருப்பிக் கேட்டேன். சற்று நேரம் மௌனம். பிறகு கோல் காவலரே வாயைத் திறந்தான். சட்டையின் உட்புறம், கழுத்துப் பட்டைக்குக் கீழே தன் பெயரையும் ஆண்டையும் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டான். அழியாத மையில் எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே இன்னும் நான்கைந்து பெயர்களுக்கு இடம் இருக்கிறது.

ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் இப்போது அதை அணிகிறான். கை நீளம் அவனுக்கு இரண்டு மடிப்பு மடிக்க வேண்டியிருக்கிறது.

1980 ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கில் இருந்தவர்களோ, சிலாங்கூருக்காக ஆறுமுகம் ஆடியதை நேரில் கண்டவர்களோ இதைப் படித்தால், நீங்கள் கண்டதை ஆண்டும் எதிரணியும் குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள். பழைய நாளிதழ் நறுக்குகள், நுழைவுச் சீட்டுகள் இருந்தால் இன்னும் நன்று. மாணவர்களோடு சேர்ந்து அவற்றை ஒரு தனிக் குறிப்பேட்டில் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன்.