தென்குமரி நாட்டில் கலிக்கணக்கும் கலிக்கதையும்

காலத்தை அளவிடுதலும் காலத்துக்குப் பொருள் கூறுதலும் வேறு வேறு செயல்கள். இவ்விரண்டும் ‘கலி’ என்னும் ஒரே சொல்லைப் பற்றி நிகழ்ந்தமைக்குக் குமரி மாவட்டத்தில் இரு சான்றுகள் உள. ஒன்று கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் செப்பேடு. மற்றொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓலைச்சுவடி நூல். இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் புராண மரபினைச் சுருங்கக் காண்போம். கிருத யுகம் 17,28,000 ஆண்டு, திரேதம் 12,96,000, துவாபரம் 8,64,000, கலி 4,32,000. இவை நான்கும் கூடிய 43,20,000 ஆண்டு ஒரு மகாயுகம். அத்தகைய ஆயிரம் கொண்டது ஒரு கற்பம். அது பிரமனுக்கு ஒரு பகல். யுகந்தோறும் அறம் ஒவ்வொரு காலாகக் குறையும். கலி கழிந்தபின் மீண்டும் கிருதம் தோன்றும். இம்முறைக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. பேரெண்களால் ஊழிகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் என்னும் எண்ணுப் பெயர்களைக் கீரந்தையார் பாடிய பரிபாடல் இரண்டாம் பாடலிற் காணலாம்.

இனிச் செப்பேட்டுக்கு வருவோம். ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் மாற்றிப் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயில் ஒன்று எடுத்து, காந்தளூர் முறைமைப்படி தொண்ணூற்றைந்து சட்டர்க்குச் சாலை அமைத்தான். அச்செய்தி கூறும் ஏடு, கலியுகத்தில் 14,49,087 நாள் சென்றமையைக் குறிக்கின்றது. இதனை 365¼ ஆல் வகுப்பின் 3,967 ஆண்டும் ஏறத்தாழ 140 நாளும் வரும். கலியின் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18 எனக் கொள்ளின், அந்நாள் கி.பி. 866 சூலைத் திங்களின் முற்பகுதியில் அமைகின்றது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கலி தீய யுகம் என்பது புராணக் கொள்கை. ஆயின் செப்பேட்டில் அத்தீமையின் நிழல் சிறிதும் இல்லை. அறக்கொடை ஒன்றின் நாளை ஐயமின்றி நாட்டுதற்கு உரிய கணிதக் கருவியாகவே கலி அங்கு நிற்கின்றது. நிலமும் அதிகாரமும் உடையார்க்குக் கலி ஓர் எண்ணாக இருந்தது.

அவை இல்லார்க்கு அது யாதாக இருந்தது? இவ்வினாவுக்கு விடை தருவது அகிலத்திரட்டு அம்மானை. சாமித்தோப்பில் வாழ்ந்த வைகுண்டரின் மாணவர் அரிகோபாலன் சீடர், கொல்லம் 1016 ஆம் ஆண்டில் (கி.பி. 1840–41) இதனை எழுதினார் என்பர். 1939 இல் இது அச்சேறியது. இந்நூல் கூறும் யுகங்கள் நான்கல்ல, எட்டு. நீடிய யுகம், சதுர யுகம், நெடு யுகம், கிரேதா யுகம், திரேதா யுகம், துவாபர யுகம், கலியுகம், தர்ம யுகம் என்பன அவை.

எண்ணிக்கை வேற்றுமையினும் அமைப்பு வேற்றுமையே பெரிது. நீடிய யுகத்துக் குறோணி என்னும் அரக்கனை மாயோன் ஆறு துண்டாக்கினான். ஒவ்வொரு துண்டும் அடுத்தடுத்த யுகத்தில் அரக்கனாய்ப் பிறந்தது. சதுர யுகத்துக் குண்டோமசாலியும், திரேதா யுகத்து இராவணனும், துவாபர யுகத்துத் துரியோதனனும் அவ்வாறு வந்தவர்களே. இறுதித் துண்டு கலியன். ஆகவே தீமை யுகந்தோறும் புதிதாய் முளைப்பதன்று. ஒரே உடலின் எச்சம். துண்டுகள் ஆறே ஆதலின், ஆறாவது அழிந்தபின் பிறத்தற்கு யாதும் இல்லை. அதன்பின் வரும் தர்ம யுகத்துக்கு முடிவில்லை. புராணத்தின் சுழல் இங்கு நேர்கோடாகி விடுகின்றது.

இம்மாற்றத்துக்குக் காரணம் கிறித்தவச் சமயத் தொடர்பு என்று கருதலாம். 1806 முதல் மயிலாடியில் ரிங்கல்தௌபே சமயப்பணி ஆற்றியமையால் அக்கருத்து முற்றும் தள்ளத்தக்கதன்று. எனினும் துண்டுகளின் கதைக்குரிய பாத்திரங்களுட் பலர் இராமாயண, பாரத, கந்தபுராண மரபினர். வெளித்தொடர்பு ஒன்றையே காரணமாகக் கூறின், தேவையை விட்டுவிட்டோம் ஆவோம். வரிச்சுமையும் ஊழியமும் பெண்டிர் மேலாடைத் தடையும் நிலவிய திருவிதாங்கூரில், கலி முடிய இன்னும் நான்கிலக்கத்து இருபத்தேழாயிரம் ஆண்டு உண்டு என்னும் கணக்கு ஒடுக்கப்பட்டோர்க்கு ஆறுதல் ஆகாது. ஆதலின் அந்நூல் நெடிய எண்ணை விடுத்து, அண்மையில் முடியும் கதையைக் கொண்டது. தம் காலத்து அரசனையே கலிநீசன் என்றது.

மற்றுமொன்று: வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலினின்று வெளிப்பட்ட காலத்தை இந்நூல் கொல்லம் 1008 மாசித் திங்களாகக் (கி.பி. 1833) குறிக்கின்றது. கொல்லம் ஆண்டு அரசின் ஆவணங்களில் வழங்கிய ஆண்டு. வரி எழுதிய அதே கணக்கில் விடுதலையின் நாளும் எழுதப்பட்டது.

மேலாடை உரிமையை ஒருவாறு வழங்கிய அரசாணை 1859 இல் வந்தது. வைகுண்டர் 1851 இலேயே மறைந்தார். இன்றும் கார்த்திகையில் சாமித்தோப்பில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நிகழ்கின்றது. செப்பேட்டுக் கலி வரலாற்றாசிரியர்க்கு ஆண்டு தருகின்றது. அம்மானைக் கலியோ அவ்வாண்டுகளில் வாழ்ந்தோர் எதனை எதிர்நோக்கினர் என்பதனைத் தருகின்றது. நாட்டு வரலாறு எழுதுவார் முன்னதனைச் சான்றாகவும் பின்னதனைக் கட்டுக்கதையாகவும் ஒதுக்குதல் பொருந்தாது.