பாறைமேல் மாலைக் காற்று: திண்டுக்கல் சமவெளியின் பருவங்களும் எளிய இன்பங்களும்

திண்டுக்கல் மலைமீது மனிதர் ஏறிய ஆண்டுகள் எனச் சிலவற்றை வரலாற்று நூல்கள் குறித்து வைத்துள்ளன. 1605-இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில் கோட்டை எழுந்தது. திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக ஐதர் அலி இங்கு வந்து அமர்ந்தார். 1767, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலப் படைகள் கோட்டையைப் பிடித்தன. முதல் இரு முறையும் அது மீண்டும் மைசூர் வசம் சென்றது. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு அதன் போர்க் கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பீரங்கி இழுத்தவர்களின் கணக்கு இவ்வாறு துல்லியமாகக் கிடைக்கிறது. வேலை முடிந்த மாலையில், வெறுங்கையோடு, காற்று வாங்குவதற்காக மட்டும் அதே பாறையில் ஏறி உட்கார்ந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எண்ணிக்கையில் இவர்களே மிகப் பலர். படையெடுத்து வந்தோர் மலையை அடைவதற்காக ஏறினர். ஊரார் அதன்மேல் நின்று சுற்றிலும் பார்ப்பதற்காக ஏறினர்.

பார்ப்பதற்கு அங்கே நிறைய உண்டு. தலையணைத் திண்டு போலக் கிடக்கும் அம்மொட்டைப் பாறையின் உச்சியில் நின்றால், தென்கிழக்கே சிறுமலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். மேற்கிலும் தென்மேற்கிலும் பழனி மலைத்தொடர் நீல நிறத்தில் நீண்டு செல்லும். இவ்விரு மலைகளுக்கும் இடைப்பட்ட சமவெளியில் தென்னந்தோப்பும் மானாவாரிக் காடும் குளங்களும் மாறிமாறி விரியும். குடகனாறு வடக்கு நோக்கித் தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலைக் கடந்து வேடசந்தூர்ப் பக்கம் போவதையும் அங்கிருந்தே ஊகிக்கலாம். ஆற்றில் நீர் ஓடும் நாள்கள் குறைவாதலால், மரங்களின் வரிசையைக் கொண்டே ஆற்றை அடையாளம் காணவேண்டும் என்பது வேறு செய்தி.

இந்நிலத்தில் இயற்கையை நுகர்ந்தவர் என்று பெயர் பதித்த முதல் மனிதரைத் தேடினால் சங்க காலத்துக்கே போகவேண்டியிருக்கிறது. பழனி மலை அக்காலத்தில் பொதினி எனப்பட்டது. அதன் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றப்படுகிறான். இதனைக் கொடை மடத்துக்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். ஆயினும் கூதிர்கால வாடையில் தோகை விரித்து நின்ற பறவையை நின்று பார்க்கும் மனம் அவனுக்கு இருந்தது என்பதே அச்செய்தியின் அடியில் கிடக்கும் உண்மை. நின்று பாராதவன் அதற்குக் குளிரும் என எண்ணியிரான்.

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார் என்பது உரையாசிரியர் கணக்கு. திண்டுக்கல் சமவெளியோ மழைமறைவு நிலம். தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரை மேற்கு மலைகளில் இறக்கிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்காற்றாய் வந்து சேர்கிறது. ஆகவே இவ்வூராருக்கு ஆனியும் ஆடியும் முதுவேனில் மட்டுமல்ல, காற்றுக் காலமும் ஆகும். அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை இங்குள்ளவர் மிகையாகக் கொள்வதில்லை. புழுதி கண்ணை மறைத்தாலும் சிறுவர்க்குப் பட்டம் விடும் பருவம் அதுவே. பெரியவர்க்கோ, சித்திரை வெயிலில் கொதித்துக் கிடந்த திண்ணையில் முதன்முறையாக நிம்மதியாகப் படுக்கும் காலம். இங்கே உண்மையான மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்கிலிருந்து வரும். அதற்கு முன்னோட்டமாகச் சித்திரை, வைகாசியில் இடியோடு இரண்டொரு கோடைமழை பெய்வதுண்டு.

வேனிலை எதிர்கொண்ட முறையில்தான் இந்நிலத்தின் வரலாறு இரண்டாகப் பிரிகிறது. மதுரையில் 1834-இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் மறு ஆண்டே திண்டுக்கல்லிலும் நிலையம் அமைத்தனர். சமவெளியின் வெப்பமும் நோயும் அவர்களைப் பெரிதும் வருத்தின. குளிர்ந்த இடம் தேடி, 1838-இல் அவர்கள் சிறுமலையில் ஓய்வு மனைகள் கட்டிப் பார்த்தனர். காய்ச்சல் அங்கும் விடவில்லை. இறுதியில் 1845-இல் பழனி மலைமீது கோடைக்கானலில் குடியேறினர். இருப்புப்பாதை 1875-இல் வந்தபின் பயணம் எளிதாயிற்று. அம்மையநாயக்கனூர் நிலையத்துக்குக் கோடைக்கானல் சாலை என்றே பெயர் அமைந்தது. இறங்கியவர் மாட்டுவண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, பிறகு நாற்காலிப் பல்லக்கிலோ குதிரையிலோ மேலேறினர். சமவெளி அவர்களுக்குக் கடந்து செல்ல வேண்டிய தூசி. கோடைக்கானலின் ஏரி, படகு, நடைபாதை ஆகியவற்றின் வரலாறு ஆங்கிலத்தில் விரிவாக எழுதப்பட்டிருப்பதற்கும், கீழே வேனிலோடு வாழ்ந்தவரின் இன்பங்கள் எழுதப்படாமல் போனதற்கும் காரணம் ஒன்றே: எழுதியவர்கள் மேலே இருந்தார்கள்.

கீழே இருந்தவர்கள் கோடையிலிருந்து ஓடவில்லை. அதற்குள்ளேயே குளிர்ச்சியைத் தேடிக்கொண்டனர். பனைமரத்து நுங்கு, விடியலில் இறக்கிய பதநீர், கூடையில் வரும் வெள்ளரிப்பிஞ்சு, புளித்த மோரில் கரைத்த கம்பங்கூழ், அதற்குத் தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் ஆகியவை அவர்களின் கோடைவாசம். இரவில் கயிற்றுக்கட்டில்கள் தெருவுக்கு வந்துவிடும். மாரியம்மன் கோயில் கூத்துக் கதையும் நெல் விலையும் கட்டிலுக்குக் கட்டில் நடக்கும். எனினும் இவை எல்லாவற்றிலும் தலையாயது கிணறு.

திண்டுக்கல் சமவெளி கிணற்றை நம்பிய நிலம். பேராறு இல்லாத இடத்தில் உழவன் பாறையை உடைத்துக் கீழே சென்றான். கிணறு என்ற சொல் இங்கு வீட்டுப் புறக்கடையில் உள்ள சிறு உறையைக் குறிப்பதன்று. நாற்புறமும் கல் சரிந்து, பக்கச்சுவரில் நீட்டுக் கற்களே படியாக அமைந்து, யானை இறங்கினாலும் இடம் இருக்கும் என்று சொல்லத்தக்க பள்ளங்கள் அவை. கமலை மாடுகள் முன்னும் பின்னும் நடந்து தோல் சாலில் நீர் இறைத்த நாள்களில், இறைப்பு நின்ற நண்பகல் சிறுவர்க்கு உரியதாயிருந்தது. இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டி இறக்கிவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் குடுவை கழன்றுவிடும், பையன் மிதப்பான். ஒரு தலைமுறையே இப்படித்தான் நீச்சல் கற்றது. மின்சாரம் வந்து பம்புசெட்டு வைத்தபின் கமலை மறைந்தது. ஆனால் தொட்டியில் விழும் தடித்த நீர்த்தாரையின் கீழ் தலையைக் கொடுத்து நிற்கும் புதிய இன்பம் ஒன்று கிடைத்தது. இதற்கு யாரும் கட்டணம் வாங்கியதில்லை. எனினும் எல்லார் கிணற்றிலும் எல்லாரும் இறங்கிவிட முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஊரை இரண்டாகப் பிரித்த அதே கோடு கிணற்று மேட்டிலும் ஓடியது.

கார்த்திகை விளக்கோடு கூதிர் முடிந்து முன்பனி தொடங்கும். மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாணிப்பிள்ளையார் தலையில் பூசணிப்பூ பூக்கும். தையில் மொச்சை காய்க்கும். பச்சைமொச்சையும் கருவாடும் சேர்ந்த குழம்பு அம்மாதத்துக்கே உரியது என்பதில் இவ்வட்டாரத்தில் கருத்து வேற்றுமை இல்லை. அதே மாதத்தில் சாலைகள் நிறம் மாறும். தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் நடைப்பயணிகள், சிறப்பாக நகரத்தார் காவடிகள், குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகக் கோபால்பட்டி, சாணார்பட்டி தாண்டித் திண்டுக்கல்லை அடைவர். வழியெங்கும் மோரும் பானகமும் சோறும் கொடுத்துக் காத்திருப்பது பக்தி என்றே கூறப்படும். ஆனால் புதுமுகங்களைப் பார்ப்பதும், எந்த ஊர் என்று கேட்பதும், முன்பனியில் இரவெல்லாம் தீ மூட்டி விழித்திருப்பதும் அதில் கலந்த இன்பங்களே. மாசியில் கோட்டை மாரியம்மனுக்குத் திருவிழா. மலையடிவாரத்தில், பழைய படைவீரர் நின்ற நிலத்தில், நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகையின் மணம் நிறைந்துவிடும்.

இவ்வூரின் ஒரு சிறு இன்பம் மட்டும் எந்தப் பருவத்துக்கும் கட்டுப்படாதது. ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியுள்ள பேகம்பூரில் நோன்புக் காலத்து மாலைதோறும் கஞ்சி காய்ச்சப்படுகிறது. தூக்குவாளியோடு வந்து வாங்கிச் செல்வோரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. பிறைக்கணக்கில் ஆண்டு பதினோரு நாள் முன்னேறுவதால், ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டில் நோன்புக் கஞ்சி ஆறு பெரும்பொழுதுகளையும் ஒருமுறை சுற்றி வந்துவிடும். ஆடிக் காற்றிலும் மார்கழிக் குளிரிலும் அதன் சுவை வெவ்வேறு என்று வயதானவர்கள் சொல்வது முற்றிலும் கற்பனையாய் இராது.

நாவின் இன்பங்களுள் மலை வாழைப்பழத்துக்குத் தனி இடம் உண்டு. சிறுமலையிலும் விருப்பாட்சியை ஒட்டிய கீழ்ப்பழனி மலைச்சரிவிலும் விளையும் அச்சிறு பழம், தோல் கறுத்தபின்னும் உள்ளே கெடாதது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அதுவே உரியது. அதே விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர், ஆங்கிலேயரை எதிர்த்துத் திண்டுக்கல் கூட்டமைப்பை நடத்தி, 1801-இல் தூக்கிலிடப்பட்டார். முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரிப் பிணி எழுபதுகளில் மலைத்தோட்டங்களை அழித்தது. அடுத்த தலைமுறையினர் பலர் அப்பழத்தைப் பெயரளவிலேயே அறிந்தனர். ஆராய்ச்சியாளரும் உழவரும் நோயற்ற கன்றுகளைக் கொண்டு மீட்டெடுக்க முயன்றதன் பயனாக அது முற்றும் மறையவில்லை. பின்னாளில் இருவகை மலைவாழைகளும் புவிசார் குறியீடும் பெற்றன. திண்டுக்கல் சுருட்டின் புகழ் கடல் கடந்தது என்பர். அது எந்தெந்தப் பெரியவர் வாயில் புகைந்தது என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டியதில்லை. உருட்டிய கைகள் நாள் முழுவதும் நிழலிலேயே இருந்தன என்பதே அதன் உள்ளூர் வரலாறு.

வாழையைப் போல் கிணறு மீளவில்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் பழையது. பலருக்குச் சோறு போட்டது. ஆனால் ஆலைகள் பெருகப் பெருக, அவற்றின் உப்பும் வேதிக் கழிவும் திறந்த வாய்க்காலிலும் குளத்திலும் விடப்பட்டு நிலத்தடியில் இறங்கின. வத்தலக்குண்டு, மதுரைச் சாலைப் பக்கத்துக் கிணறுகளில் நீர் நிறம் மாறியது. தென்னை காய்ப்புக் குன்றியது. குளித்தவர் உடம்பில் அரிப்புக் கண்டது. 28-8-1996 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல் எனப் போற்றப்படுகிறது. அத்தீர்ப்பில் பெயர் சொல்லப்பட்ட ஐந்து மாவட்டங்களுள் திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டி, அம்மாவட்டங்களின் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது நீதிமன்றம். நிலத்தின் இழப்பையும் பயிரின் இழப்பையும் கணக்கிட ஓர் அமைப்பு ஏற்படுத்தவும் ஆணையிட்டது. நண்பகலில் குதித்த சிறுவனின் இழப்பு அக்கணக்கில் எந்தத் தலைப்பிலும் வராது. நீச்சலறியாத முதல் தலைமுறை இச்சமவெளியில் அதன்பின்னரே வளர்ந்தது. கிணறு கெடாத ஊர்களிலும் ஆழ்துளைக் குழாய்கள் நீரை எட்டாத ஆழத்துக்குக் கொண்டுசென்றன.

மழையும் எப்போதும் நண்பனாய் இருந்ததில்லை. 1977 நவம்பரில் குடகனாற்றில் வந்த வெள்ளம் அழகாபுரி அணையை உடைத்துச் சென்றது. அதைக் கண்டவர் ஐப்பசி இருட்டை வேறு கண்ணோடுதான் பார்ப்பர். ஆயினும் மழை விட்ட மறுநாள் குளத்தங்கரைக்குப் போய் நீர்மட்டம் பார்த்து வரும் வழக்கத்தை அவர்களும் கைவிடவில்லை.

மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலில் கட்டணம் செலுத்தி ஏறவேண்டும். மாலையில் குறித்த நேரத்துக்குள் இறங்கிவிடவும் வேண்டும். ஆகவே நிலா எழும்வரை உச்சியில் இருந்த பழைய மாலைகள் இனி இல்லை. ஐப்பசி மழையில் பாறைச் சுனைகள் நிரம்புகின்றன. காவலர் குரல் கொடுத்தபின் கீழே இறங்குவோர், அடிவாரத்துப் பாறைச் சரிவிலேயே அமர்ந்து, சிறுமலைப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றுக்கு முகத்தைக் காட்டியிருக்கின்றனர்.