மூங்கில் யாருடையது? குத்து மூங்கில் வளர்ப்பும் நில உரிமையும்

தாவரவியல்படி மூங்கில் ஒரு புல். இந்திய வனச் சட்டமோ அதை நெடுங்காலம் மரமாகவே நடத்திவந்தது. ஒரு கழியை வெட்டலாமா, கொண்டுசெல்லலாமா, விற்கலாமா என்ற கேள்விகளுக்கான விடை அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கியிருந்தது. கூடை முடைந்து பிழைக்கும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களே அதன் சுமையை முதலில் சுமந்தன. விருத்தாசலம் வட்டாரத்தை முன்னிறுத்தி, மூங்கில் வளர்ப்பின் அடிப்படைகளையும் அதனோடு பிணைந்த சட்ட உரிமைகளையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பயிரின் இயல்பு

தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் முள் மூங்கிலும் கல் மூங்கிலும் குத்தாக வளர்பவை. இவற்றின் நிலத்தடித் தண்டு குட்டையானது. அது மேல்நோக்கித் திரும்பிக் கழியாக எழும். எனவே படர் மூங்கிலைப் போல் அண்டை வயலுக்குள் ஓடுவதில்லை. மழைக்காலத்தில் முளைக்கும் குருத்து சில மாதங்களிலேயே தன் முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பின் பருமன் கூடுவதில்லை. உட்சுவர் மட்டுமே இறுகும். அவ்வாறு முதிர ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆகும்.

பீங்கான் நகரம் என்று பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சுற்றிக் களிமண் நிலமும் முந்திரி விளையும் செம்மண் நிலமும் உள்ளன. ஆற்றங்கரை வண்டலும் நீர் வடியும் செம்மண்ணும் மூங்கிலுக்கு உகந்தவை. நீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகும்; அங்கு மேடு அமைத்தே நட வேண்டும். 5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 160 கன்றுகள் பிடிக்கும். முதல் இரு கோடைகளில் நீர் ஊற்றுவதும் கால்நடைகளிடமிருந்து காப்பதும் இன்றியமையாதவை.

4ஆம் ஆண்டு முதல் அறுவடை தொடங்கலாம். மழைக்காலத்தில் வெட்டினால் இளங்குருத்துகள் சேதமடையும். வறண்ட மாதங்களே ஏற்றவை. குத்தின் ஒருபுறத்தைத் திறந்து, நடுவிலுள்ள முதிர்ந்த கழிகளைத் தரைக்கு மேலுள்ள முதல் கணுவை ஒட்டி வெட்ட வேண்டும். குதிரை லாட வடிவில் வெளிவரிசை நிற்க வேண்டும். வெட்டிய கழியைச் சில வாரங்கள் நீரில் ஊறவைப்பதும், போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் நனைப்பதும் அதன் ஆயுளை நீட்டிக்கும். குருத்தை உண்ண விரும்புவோர் நன்கு வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும். பச்சைக் குருத்தில் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் உண்டு. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்துக் காய்த்தபின் குத்து பட்டுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. பல ஆண்டு உழைப்பு ஓரிரவில் போயிற்று. ஒரே பயிரை நம்பாமல் வரப்போரம் மூங்கிலையும் சேர்த்து வளர்ப்பது குறித்து எண்ணிப் பார்க்க இந்த அனுபவமே போதுமான காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் பிரிவு 2(7), ‘மரம்’ என்பதற்குள் மூங்கிலையும் சேர்த்திருந்தது. 2017இல் முதலில் அவசரச் சட்டமாகவும் பின்னர் திருத்தச் சட்டமாகவும் அச்சொல் நீக்கப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம். அதுவும் மூங்கிலை மரத்தோடு சேர்த்தே இயற்றப்பட்டது. எனவே மத்தியத் திருத்தத்தைக் காட்டினாலே போதும் என்று கருதக் கூடாது. வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் முன் வன அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதில் பெறுவதே பாதுகாப்பு.

வனத்தில் வாழ்வோர்க்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. அச்சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள் என வரையறுத்து, அதன் மீது உடைமை உரிமை அளிக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மெந்தா லேகா கிராமம் 2011இல் போக்குவரத்து அனுமதிச் சீட்டுகளைத் தன் கிராம சபையே வழங்கும் நிலையை எட்டியது. தன் மூங்கிலைத் தானே விற்றது.

நிலமற்றோரின் கேள்வி

சமவெளித் தலித்துகளுக்கு இந்த வழி இல்லை. தேசிய மூங்கில் இயக்கத்தின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் தனியார் நிலத்தில் கன்றுக்கு 120 ரூபாய் வீதம் 3 ஆண்டுகளில் பிரித்து மானியம் அளிக்க வகைசெய்தன. 160 கன்றுகளுக்கு 19,200 ரூபாய். ஆனால் மானியம் பட்டாவைத் தேடி வருகிறது, உழைப்பைத் தேடி அல்ல. வாய்மொழிக் குத்தகையில் உழுபவர், 4ஆம் ஆண்டில் பலன் தரும் பயிரை எந்தத் துணிவில் நடுவார்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்து கொள்வதும், 1969ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்படி பெயரைப் பதிவேட்டில் ஏற்றக் கோருவதும் முதற்படிகள்.

பஞ்சமி நிலம் வைத்திருப்போர்க்கு மூங்கில் மற்றொரு வகையில் பயன்படும். 1892இல் தொடங்கிய அந்த ஒதுக்கீட்டு நிலங்களை 10 ஆண்டுகளுக்கு எவருக்கும், அதன்பின் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதோர்க்கும் கைமாற்ற முடியாது. நிபந்தனை ஏட்டில் இருந்தும் நிலம் கைநழுவியதே வரலாறு. நீண்டகாலப் பயிர் ஒன்று ஆண்டுதோறும் அடங்கலில் பதிவாகி வந்தால், அனுபவத்துக்கு அது வலுவான சான்றாகும். அடங்கல் நகலை ஆண்டுதோறும் வாங்கி வைப்பது நல்லது.

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ நிலத்திலிருந்து வெளியேற்றுவதும், அவர்கள் பயிரை அழிப்பதும், விளைச்சலை எடுத்துச் செல்வதும் அந்தச் சமூகங்களைச் சேராதோர் செய்யும்போது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஜி)இன் கீழ்க் குற்றம். மூங்கில் குத்தை எரித்தாலும் வெட்டிச் சென்றாலும் அது வெறும் ‘வரப்புத் தகராறு’ என எழுதப்படாமல், இப்பிரிவின் கீழ் வழக்குப் பதியுமாறு வலியுறுத்த வேண்டும்.

மூங்கிலில் முறமும் கூடையும் ஏணியும் பறையடிக்கும் மெல்லிய குச்சியும் ஆகின்றன, பாடையும் ஆகிறது. பிணம் சுமக்கவோ குழி தோண்டவோ சாதியின் பெயரால் கட்டாயப்படுத்துவதை அதே சட்டத்தின் பிரிவு 3(1)(ஐ) தண்டிக்கிறது. விரும்பிச் செய்யும் கைத்தொழிலையும் சுமத்தப்பட்ட சாதிக் கடமையையும் பிரித்தறிவது அவசியம். கழியின் விலையைக் குறிக்கும் அதிகாரமும், அது நிற்கும் நிலத்தின் பட்டாவும் முடைபவர் கைக்கு வரும்போதே மூங்கில் வளர்ச்சித் திட்டங்கள் நம் மக்களுக்குப் பொருள்தரும். மாணவர்கள் இதைத் தம் ஊரிலேயே தொடங்கலாம்: பஞ்சமி நிலம் எது, அதன் அடங்கலில் இன்று யார் பெயர் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினால் போதும்.