வெள்ளெழுத்துக் கண்ணாடியும் கேமராவும்

தும்பைப் பூவில் ஊரும் எறும்பைப் படமெடுக்க நெருங்குகிறோம். ஓரடிக்குள் சென்றதும் கேமரா மறுத்துவிடுகிறது, காண்பதெல்லாம் மங்கல். நாற்பதைக் கடந்தவர்கள் நாளிதழைக் கை நீட்டித் தள்ளிவைத்துப் படிப்பதும் இதே குறையால்தான். தமிழில் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஃபில்டரைப் போல லென்ஸின் முகப்பில் திருகிக்கொள்ளும் குளோசப் லென்ஸ், படிக்கும் கண்ணாடியின் நேர் வாரிசு. மேக்ரோ லென்ஸின் விலையில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். இந்த மலிவுக்குப் பின்னால், மறைத்தவர்களும் பகிர்ந்தவர்களும் சேர்ந்த ஒரு வரலாறு இருக்கிறது.

1306-ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸ் நகரில் ஜியோர்தானோ என்னும் துறவி ஆற்றிய மறையுரையில், மூக்குக்கண்ணாடி செய்யும் கலை தோன்றி இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்றும், அதை முதலில் செய்தவரைத் தாம் சந்தித்துப் பேசியதாகவும் குறிப்பிட்டார். அவர் பெயரைச் சொல்லவில்லை. பீசா நகர மடமொன்றின் குறிப்பேடு மேலும் ஒரு செய்தி தருகிறது. முதலில் செய்தவர் முறையை வெளியிட விரும்பவில்லை; 1313-இல் மறைந்த அலெஸாந்த்ரோ தெல்லா ஸ்பீனா என்ற துறவி தாமே அதைச் செய்து, மகிழ்ச்சியுடன் அனைவருக்கும் பகிர்ந்தார். மறைத்தவரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. பகிர்ந்தவரின் பெயர் நிலைத்திருக்கிறது.

வரலாறு எப்போதும் இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை. கண்ணாடி இழையைச் சுடரில் உருக்கிச் சிறு உருண்டை வில்லையாக்கும் முறையை, ராபர்ட் ஹூக் 1665-இல் 'மைக்ரோகிராஃபியா' நூலின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் ஆண்டனி வான் லீவன்ஹூக்கோ, ஒற்றை வில்லையைக் கொண்டே நுண்ணுயிர்களைக் கண்டு 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தம் முறையை மட்டும் சொல்லவில்லை. யூட்ரெக்ட் நகரில் உள்ள அவரது கருவி சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். 2021-இல் வெளியான நியூட்ரான் கதிர் ஆய்வு, அதனுள் இருப்பது உருண்டை வில்லை என்று காட்டியது. ஹூக் எழுதிய முறையை ஒத்தது அது. புகழ் என்னவோ மறைத்தவருக்கே போயிற்று.

1872-இல் பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினான்ட் மொனுவாயே 'டயாப்டர்' என்ற அலகை முன்மொழிந்தார். அதன்பின் வில்லையின் வலிமை எவரும் கணக்கிடத்தக்க எண்ணாயிற்று. கோடாக் 1900-இல் ஒரு டாலருக்கு விற்ற பிரௌனி பெட்டிக் கேமராவில் குவியத்தை மாற்ற இயலாது. அத்தகைய கேமராக்களுக்காக அந்நிறுவனம் விற்ற 'போர்ட்ரெய்ட் அட்டாச்மென்ட்', முகப்பில் செருகும் ஒற்றை வில்லைதான். பெட்டிக் கேமராவும் மூக்குக்கண்ணாடி அணிந்துகொண்டது.

கணக்கு எளிது. நூறு சென்டிமீட்டரை டயாப்டரால் வகுத்தால், முடிவிலியில் குவித்த லென்ஸ் எவ்வளவு அருகில் தெளிவாகக் காணும் என்பது கிடைக்கும். +4 என்றால் 25 சென்டிமீட்டர். அப்போது 50 மி.மீ. லென்ஸில் எறும்பின் பிம்பம் அதன் ஐந்தில் ஒரு பங்கு, 200 மி.மீ. லென்ஸிலோ ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே மலிவு வில்லையை நீள லென்ஸில் பொருத்துவதே நல்லது. ஒற்றைக் கண்ணாடி என்பதால் ஓரங்கள் மங்கும், நிறங்கள் சற்றுச் சிதறும். துளையை எஃப் 11 வரை சுருக்கினால் மங்கல் பெரிதும் குறையும்.

எறும்பின் உணர்கொம்பு தெளிந்து வரும் நொடியில் நாம் நன்றி சொல்ல வேண்டியது, தான் அறிந்ததைப் பூட்டி வைக்காத அந்தப் பீசா துறவிக்கு.