உயரமானி அளவுத்திருத்தம்

உயரமானி, பட்டறை வழக்கில் ஹைட் கேஜ், சமதளத் தகடான சர்ஃபேஸ் பிளேட் மீது நிறுத்தி உயரம் அளக்கவும் கோடு கீறவும் உதவும் கருவி. உயரம் தெரிந்த ஸ்லிப் கேஜோடு அதன் அளவை ஒப்பிட்டுப் பிழையைக் குறித்துக்கொள்வது அளவுத்திருத்தம். அந்தப் பிழையைக் குறைக்கத் திருகைத் தொடுவது வேறு வேலை. ஓசூரின் டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த தொழில் வட்டாரத்தில், மத்திகிரிப் பக்கத்துச் சிறு பட்டறைக்கும் இந்த வேறுபாடு காசுக்கணக்குதான். ஜீரோ வைத்தாலே போதாதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் ஜீரோ ஒரே ஒரு புள்ளியைத்தான் சரியாக்கும். கீறுமுனை தூணிலிருந்து 60 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க, அதைத் தாங்கித் தூணில் நகரும் சறுக்கி மேலே ஏறும்போது ஒரு பாகைத்துளி (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சாய்ந்தாலும் முனையில் ஏறக்குறைய 17 மைக்ரான் பிழை வரும். வெர்னியரின் மீச்சிற்றளவே 20 மைக்ரான்தான். ஆகவே 50, 150, 300 மி.மீ. எனப் பல உயரங்களில் ஸ்லிப் கேஜ் வைத்துப் பார்த்தாக வேண்டும். எங்கும் ஒரே பிழை என்றால் ஜீரோவைத் திருத்தலாம். உயரத்தோடு சீராகக் கூடினால் வெப்பநிலையையோ அளவுகோலையோ சந்தேகிக்கலாம். ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கினால் சறுக்கியின் தளர்வு அல்லது தூணின் தேய்மானம். இதை எந்த ஜீரோவும் தீர்க்காது.

நீள அளவுக்கான பன்னாட்டு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். கருவியும் எஃகு, பாகமும் எஃகு, இரண்டும் சேர்ந்தே விரியும், பிறகென்ன கவலை என்பார்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்வரை அது உண்மை. ஆனால் இங்கே மெஷினை விட்டு வருவதில் அலுமினிய வார்ப்புகளும் உண்டு. 30 டிகிரியில் 300 மி.மீ. எஃகு சுமார் 35 மைக்ரான் நீளும், அலுமினியம் சுமார் 69. பாகத்தை ஆறவிடாமல் அளந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

ஆண்டுதோறும் தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகச் சான்றிதழ் வாங்குகிறோமே என்ற பதில் பாதிதான் சரி. ஆய்வகம் சோதிப்பது தன் பிளேட்டின் மேல். பட்டறையிலோ நடுவில் தேய்ந்த பிளேட்தான் கருவிக்குத் தரை. ஓசூர் இருக்கும், கிரானைட்டுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில்கூட வார்ப்பிரும்புப் பிளேட்டில் அளப்பவர்கள் இருந்தால் ஒன்றைக் கவனிக்கலாம்: அடிபட்டால் வார்ப்பிரும்பில் பிசிறு மேலெழும்பும், கிரானைட்டில் சில்லுதான் பெயரும், எழும்பாது. எனவே முதலில் கருவியின் அடித்தளத்தையும் பிளேட்டையும் துடைத்து, பிசிறிருந்தால் எண்ணெய்க்கல்லால் நீக்கி, சறுக்கியின் தளர்வை நீக்கி, கீறுமுனையைப் பொருத்தியபின் கடைசியாகத்தான் ஜீரோ வைக்க வேண்டும். வரிசை மாறினால், முன்பு வைத்த ஜீரோ அடுத்த திருகலிலேயே நகர்ந்துவிடும்.