வெள்ளைப்பயின்

வெள்ளைப்பயின் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பசுமைமாறாக் காட்டு மரம். வெள்ளைக் குங்கிலியம், வெள்ளைக் குந்திரிக்கம் என்பவையும் இதன் பெயர்களே. பழந்தமிழில் பயின் என்ற சொல் பிசினையும் குறிக்கும். இம்மரம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் அகத்தியமலை அடிவாரத்து ஈரக் காடுகளில் வளர்கிறது. மலபாரின் டச்சு ஆளுநர் ரீடின் தாவர நூலான ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ (1678–1693) மலையாளப் பெயரோடு இம்மரத்தை விவரித்தது. வட்டேரியா இண்டிகா என்று 1753இல் பெயரிட்டவர் தாவரவியலாளர் லின்னேயஸ். ரீடின் நூலைத் தாவரவியலாளர் கா. சு. மணிலால் ஆங்கிலத்தில் பெயர்க்க, திருவனந்தபுரத்துக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது.

மரம் 40 மீட்டர் வரை ஓங்கும். தளிர் செம்மையாக இருக்கும். முற்றிய இலை தோல்போல் தடித்து, காம்பின் மேல்முனை சற்றே புடைத்திருக்கும். பூ வெள்ளை, மணமுள்ளது. இதன் குடும்பமான டிப்டெரோகார்ப்பேசியின் பெயருக்கு ‘இருசிறகுக் கனி’ என்று பொருள். ஆனால் பயின் காய்க்குச் சிறகு இல்லை. வெளிர்பழுப்பான கனத்த காய், தாய்மரத்தடியிலேயே விழுந்து மூன்றாகப் பிளக்கும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முதிரும் விதை ஈரமண் கிடைத்தவுடன் முளைவிடும், உலர்ந்தால் உயிரிழக்கும். எனவே சேமித்துவைத்து அடுத்த ஆண்டில் விதைக்க முடியாது. நாற்றங்கால் போடுவோர் காய் விழும் நாட்களிலேயே காட்டுக்குள் இருந்தாக வேண்டும்.

பட்டையைக் கொத்தினால் கசியும் பிசின் காற்றுப்பட்டு இறுகி, மங்கிய கண்ணாடித் துண்டுபோல் ஆகும். தணலில் இட்டால் நறும்புகை எழும். எண்ணெயில் உருக்கி வார்னிஷ் செய்வார்கள். மூட்டுவலித் தைலங்களிலும் சேர்ப்பார்கள். கடையில் குந்திரிக்கம் என்று கேட்டால் கிடைப்பது எப்போதும் இதுவல்ல. கருங்குங்கிலியம் கனேரியம் ஸ்ட்ரிக்டம் என்ற வேறொரு மரத்தின் பிசின். குங்கிலியம் என்ற பெயர் வடநாட்டுச் சால மரப் பிசினுக்கும் உண்டு. மருந்துக்கு வாங்குவோர் இதை அறிந்திருப்பது அவசியம்.

விதையை இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் கொழுப்பு மேலே மிதக்கும். ஆறியதும் உறையும் இக்கொழுப்பு மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் பயன்பட்டது. சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகவும் உதவும். இலங்கையில் பயினின் உறவான ஹல் மரத்தின் விதையை மாவாக்கி உண்பதுண்டு. அதன் பட்டையைக் கள் புளிக்காதிருக்கச் சேர்ப்பார்கள்.

ஒட்டுப்பலகைக்கும் தேயிலைப் பெட்டிக்கும் பெருமரங்கள் வெட்டப்பட்டன. பிசினுக்காக ஆழமாகக் கொத்தி அடிமரத்தில் தீ மூட்டும் வழக்கம் அதைவிடக் கொடியது. அளவாகக் கீறினால் ஆண்டுக்கணக்கில் பிசின் தரும் மரத்தை இவ்வழக்கம் நின்ற நிலையிலேயே கொன்றுவிடுகிறது.